மஞ்சளும் நீலமும் சேர்ந்தா என்ன ஆகும்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், குழந்தை வளர்ப்பு பற்றிய அமர்வில் பேசியது)



குழந்தை வளர்ப்பு பற்றிப் பேசச் சொன்னாங்க. அதில் சத்துணவு பற்றி ஒருத்தர் பேசிட்டாங்க, தடுப்பூசி பற்றி நர்ஸ் அம்மா பேசிட்டாங்க. எனக்குக் கொடுத்தது விளையாட்டு. விளையாட்டிலேயும் ஒரே ஒரு விளையாட்டை எடுத்துக்கறேன். கலர் கலக்கற விளையாட்டு. இதுக்கு ஒரு கூட்டமா, இதைப் பேச ஒரு மேடையா என்று சிரிக்காதீங்க. கடைசியில் ஒரு முக்கியமான விஷயத்துக்கு வருவேன். நம்ம பகுதியில் ஆம்பளைப் பிள்ளை வைத்திருக்கிற ஒவ்வொரு அம்மாவும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விளையாட்டு எதுக்கு?

நம்ம ஊரில் அங்கன்வாடி என்று சொல்றோமே, அந்தத் திட்டம் 1975 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்றைக்கு நாட்டில் தொடங்கியது. ஐம்பது வருஷம் ஆச்சு. இன்னும் நம்மில் பல பேர் அதை ‘சத்து மாவு கொடுக்கிற இடம்’, ‘முட்டை போடற இடம்’ என்றுதான் நினைக்கிறோம். அங்கே படிப்பும் இருக்குது. ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று ஒரு பாடத்திட்டமே தமிழ்நாட்டு அங்கன்வாடிக்கு இருக்குது. அதில் பாட்டு, கதை, வரைதல், நிறம், வடிவம் எல்லாம் வரும்.

ஆனால் நம்ம தெருவில் என்ன பேசிக்கிறோம்? “அங்க ஒண்ணும் சொல்லித் தர்றதில்ல, சும்மா ஆட வுடறாங்க.” மூணு வயசுப் பிள்ளை ஏ பி சி டி எழுதலை என்றால் நமக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. குழுவில் கடன் எடுத்தாவது நர்சரியில் சேர்க்கிறோம். சேர்க்கிறது தப்பு என்று சொல்லவில்லை. ஆட விடறதும் படிப்புதான் என்று மட்டும் சொல்றேன்.

இதைப் பெரியவங்க எப்பவோ சொல்லிட்டாங்க. இத்தாலியைச் சேர்ந்த மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் நம்ம சென்னைக்கு வந்தாங்க. அடையாறு தியசாபிகல் சொசைட்டியில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. அவங்க சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்த சாமான்களில் நிறப் பலகைகள் என்று ஒன்று உண்டு. முதல் பெட்டியில் ஆறே ஆறு பலகைதான் இருக்கும். சிவப்பு ரெண்டு, நீலம் ரெண்டு, மஞ்சள் ரெண்டு. பிள்ளை கையில் எடுத்து ஜோடி சேர்க்க வேண்டும். டீச்சர் அதிகம் பேசக் கூடாது. கைதான் படிக்கும்.

அப்புறம் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. அட்டையை எடுத்து, தரையில் உட்கார்ந்து, பிள்ளையே செய்து படிக்கிற முறை. 2007-ல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் போனது. இங்கே இருக்கிற சின்ன வயசு அம்மாங்க சில பேர் அந்த அட்டையில் படித்தவங்களாகவே இருப்பீங்க. அதனால் இது புதுசு இல்லை, வெளிநாட்டு ஃபேஷனும் இல்லை.

கலர் கலக்கும்போது ஒரு நாலு வயசுப் பிள்ளை என்ன படிக்குது தெரியுமா? முதலில், என்ன வரும் என்று ஊகிக்குது. அப்புறம் செய்து பார்க்குது. ஊகித்தது வரலைன்னா மறுபடி செய்யுது. எவ்வளவு ஊற்றணும் என்று அளவு பார்க்குது. பக்கத்துப் பிள்ளையிடம் “கொஞ்சம் நீலம் குடு” என்று கேட்டு வாங்குது. சொட்டு விடும்போது, பிசையும்போது விரலுக்கு பலம் வருது. அந்த விரல்தான் நாளைக்கு பென்சில் பிடிக்கப் போகுது. ஒரு மணி நேரம் செல்போன் கேட்கலை என்பது நமக்குக் கிடைக்கிற லாபம்.

மூணு நிறம் போதும்

சிவப்பு, மஞ்சள், நீலம். இந்த மூணு இருந்தால் போதும். மஞ்சளும் நீலமும் பச்சை. சிவப்பும் மஞ்சளும் ஆரஞ்சு. சிவப்பும் நீலமும் ஊதா. வெள்ளை சேர்த்தால் வெளிறும், சிவப்பு ரோஸ் ஆகும். கறுப்பு சேர்த்தால் இருளும். மூணையும் சேர்த்துக் கலக்கினால் சேற்று நிறம், பிரவுன்.

செய்து பார்த்தவங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். ‘சிவப்பும் நீலமும் கலந்தேன், ஊதா வரலை, கருப்பாக் கசடு மாதிரி வருது’ என்பாங்க. சிவப்பில் கொஞ்சம் மஞ்சள் சாயல் இருந்தால் அப்படித்தான் ஆகும். மூணு நிறமும் சேர்ந்த மாதிரி ஆகிவிடுது இல்லையா? அப்போ சிவப்புக்குப் பதில் ராணி கலர் எடுத்துக்கோங்க. பளிச்சென்று ஊதா வரும். அச்சகத்தில் இதைத்தான் செய்றாங்க. கலர் பேப்பர் வாங்கினால் ஓரத்தில் பாருங்க, சின்னச் சின்னதாக நாலு புள்ளி இருக்கும். ஆகாய நீலம், ராணி கலர், மஞ்சள், கறுப்பு. அந்த நாலு மையில்தான் பேப்பரில் இருக்கிற அத்தனை கலர் போட்டோவும் வருது. சிவகாசி காலண்டரும் அப்படித்தான்.

இன்னொரு சூட்சுமம். நீலம் பலமான நிறம். நீலத்தில் மஞ்சளை ஊற்றினால் எவ்வளவு ஊற்றினாலும் பச்சை சீக்கிரம் வராது. மஞ்சளை முதலில் வைத்து, அதில் நீலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சொட்டில் கிளிப்பச்சை, அடுத்ததில் வாழையிலைப் பச்சை, அப்புறம் பாசிப் பச்சை. ஒரு டம்ளரிலேயே எத்தனை பச்சை என்று பிள்ளைங்க எண்ணும்.

வீட்டில் செய்யக்கூடிய விளையாட்டுகள்

முதல் விளையாட்டு, அடுப்படிக் கலர். மூணு வயசுப் பிள்ளை எதையும் வாயில் வைக்கும். அதனால் அந்த வயசுக்குக் கடைக் கலர் வேண்டாம். மஞ்சள் தூள், பீட்ரூட் சாறு, சங்குப்பூ ஊற வைத்த தண்ணி. மூணு நிறமும் வந்துவிட்டது. சங்குப்பூ நம்ம பக்கம் வேலி ஓரத்திலேயே படர்ந்திருக்கும். நாலைந்து பூவை வெந்நீரில் போட்டால் நல்ல நீலம் இறங்கும். மூணையும் தனித்தனியாக, ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து வையுங்க. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தைக் கொடுத்து, விரலால் பூச விடுங்க. சங்குப்பூவும் மஞ்சளும் கலந்த இடத்தில் பச்சை வரும். எங்க தெருப் பிள்ளை ஒண்ணு, முதல் தடவை பார்த்துட்டு, “அத்த, இது பச்ச ஆயிடிச்சி, நான் ஒண்ணும் பண்ல!” என்று கையைப் பின்னாடி மறைச்சுக்கிச்சு. திட்டு விழும் என்று நினைச்சிருக்கு. நம்ம பிள்ளைங்க எவ்வளவு பயந்து வைச்சிருக்குன்னு பாருங்க.

இரண்டாவது, நடக்கும் தண்ணி. மூணு கண்ணாடி டம்ளர் வரிசையாக வைக்கணும். ஒரு ஓரத்தில் மஞ்சள் தண்ணி, மறு ஓரத்தில் நீலத் தண்ணி, நடுவில் காலி டம்ளர். பழைய வேட்டித் துணியை ரெண்டு பட்டையாகக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, மஞ்சளிலிருந்து நடு டம்ளருக்கு ஒன்று, நீலத்திலிருந்து நடு டம்ளருக்கு ஒன்று என்று போடணும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுதே, அதே மாதிரி துணியில் தண்ணி ஏறி, நடு டம்ளரில் சொட்டும். நாம சமையல் முடிக்கிறதுக்குள்ளே நடுவில் பச்சைத் தண்ணி சேர்ந்திருக்கும். இதுக்கு உணவுக் கலர் ரெண்டு சொட்டு போதும். பிள்ளைக்கு இதில் பெரிய பாடம் காத்திருப்பது. ஓடி ஓடி வந்து பார்க்கும்.

மூணாவது, மாவு. ரெண்டு டம்ளர் மைதாவுக்கு ஒரு டம்ளர் உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய், சப்பாத்திப் பதத்துக்குத் தண்ணி. மூணு உருண்டையாகப் பிரித்து மூணு நிறம் சேர்த்துப் பிசைந்து வையுங்க. பிள்ளை கையில் கொஞ்சம் மஞ்சள் மாவு, கொஞ்சம் நீல மாவு கொடுத்தால் பிசையப் பிசைய முதலில் கோடு கோடாகத் தெரியும், அப்புறம் பச்சையாகும். உப்பு அதிகம், அதனால் தின்னக் கூடாது என்று சொல்லி, பக்கத்தில் இருங்க. மூடி வைத்தால் சில நாள் வரும். மீன், படகு, நண்டு என்று நம்ம பிள்ளைங்க செய்யறதைப் பார்க்கணும். கட்டுமரம் கூடச் செய்தாங்க.

நாலாவது, கண்ணாடித் தாள். பரிசுப் பொருள் சுற்றுகிற கலர் கண்ணாடித் தாள் கடையில் கிடைக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம் ஒவ்வொரு துண்டு. ரெண்டை ஒன்று மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்க. கை அழுக்காகாத விளையாட்டு. உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிற பிள்ளைக்கும் ஆகும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிடுங்க.

ஐந்தாவது, கோலப்பொடி. இது ஐந்து வயசுக்கு மேல்தான், மூக்கிலும் வாயிலும் போகாமல் பார்த்துக்கணும். வெள்ளைப் பொடியில் சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, வெளிர் ரோஸிலிருந்து அடர்ந்த ரோஸ் வரைக்கும் ஏழு கிண்ணம் வரிசைப்படுத்தச் சொல்லலாம். கிட்டப் பார்த்தால் வெள்ளைத் துகளும் சிவப்புத் துகளும் தனித்தனியாகத் தெரியும். எட்ட நின்றால் ரோஸ். ‘ஏம்மா அப்படி?’ என்று கேட்டால், கண்ணு கலக்குதுடா என்று சொல்லுங்க. அது உண்மையான பதில்தான்.

ஆறாவது, பெரிய பிள்ளைங்களுக்கு, பம்பரம். வட்டமாக அட்டை வெட்டி, பாதி மஞ்சள் பாதி நீலம் பூசி, நடுவில் ரெண்டு ஓட்டை போட்டு நூல் கோர்த்து இழுத்துச் சுற்றணும். எல்லாப் பிள்ளையும் “பச்ச வரும்” என்று கத்தும். வராது. மங்கின சாம்பல் மாதிரி வரும். சாயம் கலக்கும்போது ஒன்று, வெளிச்சம் கண்ணில் கலக்கும்போது வேறொன்று. டிவி, செல்போன் எல்லாம் வெளிச்சக் கலவைதான். அதில் சிவப்பு, பச்சை, நீலம் மூணுதான் இருக்கு. செல்போன் திரையில் ஒரு சின்னச் சொட்டுத் தண்ணி வைத்துப் பாருங்க, அந்த மூணு புள்ளியும் பெரிசாகத் தெரியும். இது ஒன்றாவது ரெண்டாவது படிக்கிற பிள்ளைக்குச் சரியாக இருக்கும்.

ஆரத்தித் தண்ணி எப்படிச் சிவக்குது?

இந்தக் கேள்வியை ஒரு பிள்ளை கேட்டது. மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்தால் வெளிர் மஞ்சள்தானே வரணும்? சுண்ணாம்பு வெள்ளைதானே? பிறகு ஆரத்தி ஏன் சிவக்குது?

நல்ல கேள்வி. அது நிறக் கலவை இல்லை. மஞ்சளில் இருக்கிற சத்து, சுண்ணாம்பின் காரத்தில் மாறிப் போகுது. வெள்ளைச் சட்டையில் குழம்புக் கறை பட்டு, துணி சோப்பு போட்டதும் சிவக்குதே, அதேதான். சோப்பும் காரம். அந்தச் சிவப்பில் எலுமிச்சம் பழம் பிழிந்தால் மறுபடி மஞ்சள் ஆகும். சங்குப்பூத் தண்ணியில் எலுமிச்சை விட்டால் நீலம் ஊதாவாகும், ரோஸாகும். கலக்கிற மாற்றம் ஒன்று, உள்ளேயே மாறுகிற மாற்றம் இன்னொன்று என்று பிள்ளைக்கு ஆறு வயசிலேயே தெரிந்துவிடும். பின்னாடி இதைத்தான் வேதியியலில் படிக்கப் போறாங்க.

சுண்ணாம்பை மட்டும் பிள்ளை கையில் கொடுக்காதீங்க. கண்ணில் பட்டால் கண்ணே போகும். வெற்றிலை பாக்குச் சுண்ணாம்பு டப்பாவையும் எட்டாத இடத்தில் வையுங்க. தப்பித் தவறிக் கண்ணில் பட்டால், உடனே நிறையத் தண்ணி விட்டுக் கழுவிக்கிட்டே இருக்கணும், கழுவினதும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகணும். பாட்டி வைத்தியம் எதுவும் வேண்டாம். பிள்ளைங்களுக்குச் சோப்பு போதும்.

எதைத் தொடக் கூடாது

நம்ம பகுதியில் இது அவசியம். காசிமேட்டில், எண்ணூரில் படகுக்கு அடிக்கிற பெயிண்ட் மிச்சம் வீட்டில் இருக்கும். கம்பெனி வேலைக்குப் போறவங்க வீட்டில் டப்பாவில் மிச்சம் கொண்டு வந்திருப்பாங்க. அதைக் குச்சியில் தொட்டுப் பிள்ளைங்க விளையாடறதைப் பார்த்திருக்கேன். அது வேண்டவே வேண்டாம். பெயிண்டில் ஈயம் இருந்தால் அது சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், வெளியே தெரியாது. வீட்டுக்கு அடிக்கிற பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் விதி போட்டு, 2017 நவம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னாடி அடித்த பழைய ஜன்னல், பழைய கதவு, உரிந்து விழுகிற பெயிண்ட் எல்லாம் எச்சரிக்கையாகப் பார்க்கணும். சுரண்டினால் பிள்ளையை வெளியே அனுப்பிட்டு, ஈரத் துணியால் துடையுங்க.

லூசில் விற்கிற, பேர் போடாத கலர்ப் பொடியும் வேண்டாம். பஞ்சுமிட்டாய் ஞாபகம் இருக்கா? 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தடை செய்தாங்க. துணிச் சாயத்துக்குப் போடற ரோடமின் பி அதில் இருந்தது என்று கண்டுபிடிச்சாங்க. தின்கிற பொருளிலேயே அப்படிக் கலந்தால், விளையாட்டுப் பொடியில் என்ன இருக்கும் என்று யோசிங்க.

நாம எப்படி நடந்துக்கணும்

நாலு விஷயம் சொல்றேன். ஒன்று, பதிலை முன்கூட்டியே சொல்லாதீங்க. “என்ன ஆகும்?” என்று மட்டும் கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருங்க, அதுதான் நமக்குக் கஷ்டம். ரெண்டு, ஒரு நாளைக்கு ரெண்டு நிறம் மட்டும் கொடுங்க. மூணையும் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் எல்லாம் சேறாகிவிடும். மூணு, சேறானாலும் திட்டாதீங்க. நாலு, பிள்ளை சொல்கிற பேரை ஏத்துக்கோங்க. மாம்பழக் கலர், வஞ்சிரக் கலர், பழைய வலைக் கலர் என்று சொல்லும். எல்லாம் நல்ல பேருதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகம் முழுக்கப் படிந்தது. மறக்க முடியுமா? படகு, வலை, அலையாத்தி மரம், கொக்கு எல்லாம் எண்ணெய். அதுக்கு அப்புறம் பிள்ளைங்களை ஆறு வரையச் சொன்னால் கறுப்பு எடுத்தாங்க. ஒரு பொண்ணு மட்டும் கறுப்பு பத்தாது என்று சொல்லி, பிரவுன் கலந்து, ஓரத்தில் ஊதாவும் பச்சையும் வைத்தாள். “வெயில் பட்டா அப்டிதான் மின்னும், நான் பாத்தேன்” என்றாள். சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். தண்ணி மேல் எண்ணெய் மெல்லிசாகப் பரவினால் வானவில் மாதிரித் தெரியும். அது சாயம் இல்லை, வெளிச்சம் பண்ணுகிற வேலை. பெரியவங்க நாம ‘கறுப்பு’ என்று ஒரே வார்த்தையில் முடிச்சோம். கலர் கலக்கிப் பழகின பிள்ளை உற்றுப் பார்க்குது. நம்ம ஊரின் தண்ணி, காற்று, சாம்பல் எல்லாம் எப்படி மாறுது என்று உற்றுப் பார்க்கிற பிள்ளைங்க நமக்கு வேண்டும்.

ஆம்பளைப் பிள்ளை அம்மாங்களுக்கு

இப்போ நான் முதலில் சொன்ன விஷயம்.

எங்க பக்கம் ஒரு பையன். நல்லாப் படிச்சான். கப்பல் வேலைக்குப் போகணும் என்று ஆசை. அவங்க அம்மா குழுக் கடன் எடுத்து, நகையை வைத்து, பயிற்சிக்கு முன்பணம் கட்டினாங்க. மருத்துவப் பரிசோதனையில் நிறப் பார்வைக் குறை என்று சொல்லிட்டாங்க. சிவப்பும் பச்சையும் அவனுக்குப் பிரிச்சுத் தெரியாது. இருபது வயசு வரைக்கும் அவனுக்கே தெரியாது, வீட்டிலும் தெரியாது. கட்டின பணம் முழுசாகத் திரும்பி வரலை. அதை விட, பையன் ஒரு வருஷம் வீட்டை விட்டு வெளியே வராமல் உட்கார்ந்திருந்தான். அதுதான் அவங்க அம்மாவுக்குத் தாங்கலை.

கப்பலில் இரவில் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு எரியும். எதிரே வருகிற கப்பல் எந்தப் பக்கம் திரும்புது என்று அதை வைத்துத்தான் தெரியும். அதனால் கப்பல் ஓட்டுகிற வேலைக்கு நிறப் பார்வை சரியாக இருக்கணும். ரயில் எஞ்சின் ஓட்டுகிற வேலைக்கும் அப்படித்தான். துறைமுகம், ரயில், கப்பல் என்றுதானே நம்ம பிள்ளைங்க கனவு காணுது? ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் வீட்டுக்கு வீடு அந்த ஆசைதான். அதனால் இது மற்ற ஊரை விட நமக்கு முக்கியம்.

இந்தக் குறை பிறவியிலேயே வருவது. பெண் பிள்ளைகளை விட ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வரும். பெரும்பாலும் அம்மா வழியாக வரும். அம்மாவுக்குக் கண் நல்லாத் தெரியும், ஆனால் அவங்க உடம்பில் அந்தக் கூறு மறைவாக இருக்கும். அப்படி இருந்தால் ஒவ்வொரு ஆம்பளைப் பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தாய்மாமனுக்கோ தாத்தாவுக்கோ, அதாவது அம்மாவோட அப்பாவுக்கோ இருந்தால் பேரப் பிள்ளையை ஒரு தடவை பார்த்துக்கிறது நல்லது. இதைக் கேட்டுட்டு, ‘உன்னாலதான் வந்துச்சு’ என்று எந்த மாமியாரும் மருமகளைச் சொல்லக் கூடாது. தலைமுடி சுருட்டையா வர்றதுக்கு யார் மேல குற்றம் சொல்றோம்? இதுவும் அப்படித்தான்.

கலர் விளையாட்டில் இதுக்கு ஒரு தடயம் கிடைக்கும். நாலைந்து வயசில், நிறத்தின் பேரெல்லாம் தெரிந்த பிறகும், ஒரு பிள்ளை பச்சையையும் பிரவுனையும் மாற்றி மாற்றி எடுக்குது, ஊதாவை நீலம் என்றே சொல்லுது, ரோஸையும் சாம்பலையும் ஒன்று என்குது, இலைக்குப் பிரவுன் அடிக்குது என்றால் கவனிங்க. ஒரு நாள் மாற்றிச் சொன்னால் பயப்பட வேண்டாம். மூணு வயசில் எல்லாப் பிள்ளையும் பேரை மாற்றித்தான் சொல்லும். பேர் கேட்காமல் “இதே மாதிரி இன்னொண்ணு எடு” என்று சொல்லிப் பாருங்க. திரும்பத் திரும்ப அதே ஜோடியில் குழம்பினால் கண் டாக்டரிடம் காட்டுங்க. புள்ளிப் புள்ளியாக எண் மறைந்திருக்கிற ஒரு புத்தகத்தைக் காட்டிச் சில நிமிஷத்தில் பார்த்துவிடுவாங்க. வலி கிடையாது, ஊசி கிடையாது. எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி நமக்குப் பக்கம். 1819-ல் தொடங்கினது, உலகத்திலேயே பழமையான கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. ஸ்டான்லியிலும் கண் பிரிவு இருக்குது. விளையாட்டை வைத்து நாமே முடிவு கட்டக் கூடாது. டாக்டர்தான் சொல்லணும்.

பிறவியில் வந்த இந்தக் குறைக்கு மருந்து இல்லை. மூலிகைச் சொட்டு, கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று காசு கேட்டால் கொடுக்காதீங்க. பார்வை மங்காது, படிப்புக்குத் தடை இல்லை. டீச்சரிடம் சொல்லி வைக்கணும், ‘பச்சைக் கோட்டைப் பார்’ என்று சொல்லாமல் ‘மேலே இருக்கிற கோட்டைப் பார்’ என்று சொன்னால் போதும். கணக்கு, கணினி, சட்டம், ஆசிரியர் வேலை, கடை, சமையல் தொழில் என்று எத்தனையோ வழி இருக்கு. ஐந்து வயசில் தெரிந்தால் வேறு கனவு காண நேரம் இருக்கும். இருபது வயசில், கடன் வாங்கின பிறகு தெரிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள்

1989-ல் தர்மபுரியில் நாலு பேர் நாலு பேராகக் கூடித்தான் தமிழ்நாட்டில் இந்த மகளிர் குழுக்கள் ஆரம்பிச்சது. அன்றைக்குச் சேமிப்பு, கடன். இன்றைக்கு நம்ம குழு வாங்கின கடனை எதில் போடறோம்? அதிகம் போகிறது பிள்ளைங்க படிப்புக்குத்தான். அப்போ அந்தப் பிள்ளைங்க விஷயத்தில் குழுவுக்கு ஒரு வேலை இருக்கணும்.

நான் கேட்கிறது மூணு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, டீச்சரிடம் அனுமதி வாங்கி, ஒவ்வொரு குழுவிலிருந்தும் ரெண்டு அம்மாங்க அங்கன்வாடிக்குப் போய் இந்த விளையாட்டை நடத்தணும். தையல் குழுவில் வெட்டுத் துணி இருக்கு, இட்லி மாவு குழுவில் கஞ்சியும் மஞ்சளும் இருக்கு, வீட்டுக்கு வீடு பழைய காலண்டர் இருக்கு. பெரிய செலவு கிடையாது. ரெண்டாவது, வருஷத்துக்கு ஒரு தடவை, ஐந்து வயசு முடிந்த பிள்ளைங்களுக்கு நிறப் பார்வையும் சேர்த்துக் கண் பரிசோதனை நடத்தித் தரச் சொல்லி, நம்ம பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டமைப்புத் தீர்மானம் போட்டு மனு கொடுக்கணும். மூணாவது, படிப்புக் கடன் கேட்டு வருகிற அம்மாவிடம், கப்பல், ரயில் படிப்பு என்றால், “கண் டெஸ்ட் எடுத்தாச்சா?” என்று ஒரு கேள்வி கேட்டுட்டுக் கையெழுத்துப் போடணும். அந்தக் கேள்வியைக் கடன் விண்ணப்பத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்தால் யாரும் மறக்க மாட்டாங்க.

இந்த மூணையும் தலைவி அக்கா அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் பொருளாக எடுத்துக்கணும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் சனிக்கிழமைக்கு எங்க குழுவிலிருந்து ரெண்டு பேர் வருகிறோம், வேட்டித் துணியும் டம்ளரும் நாங்களே கொண்டு வருவோம். மற்ற குழுவில் யார் வரீங்க என்று பேர் கொடுத்துட்டுப் போங்க. நோட்டு வாசலில் வைத்திருக்கு.